கன்டெய்னரில் ஓடும் ஆன்சிபிளுக்கு எஸ்எஸ்எச் ஏஜென்ட்டைப் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் தானியக்கக் கருவியான ஆன்சிபிளை அவரவர் மடிக்கணினியில் தனித்தனியாக நிறுவிக்கொள்ளும் குழுவில் பதிப்புகள் ஒத்துப்போவதில்லை. ஒருவரிடம் ஓடிய பிளேபுக் (ஆன்சிபிள் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய கோப்பு) இன்னொருவரிடம் நின்றுவிடுகிறது. ஆகவே ஆன்சிபிளையும் அதற்கு வேண்டிய பைத்தான் நூலகங்களையும் டாக்கர் போன்ற கருவியால் ஒரே இமேஜில் (நிரலும் அதன் தேவைகளும் அடங்கிய தொகுப்பு) அடைத்து, அந்த இமேஜையே எல்லோரும் கன்டெய்னராக, அதாவது கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து தனித்து, ஓட்டும் முறை பரவலாகியிருக்கிறது. இதில் முதலில் தட்டுப்படும் சிக்கல் நுழைவுரிமை. கன்டெய்னருக்குள் இருக்கும் ஆன்சிபிள், தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வர்களுக்குச் செல்ல வேண்டும். அதற்கான தனிச்சாவியோ கன்டெய்னருக்கு வெளியே, உங்கள் கணினியில் இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழிகள் மூன்று. தனிச்சாவியை இமேஜுக்குள் நகலெடுப்பது முதலாவது. இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலின் அடுத்த வரியிலேயே அதை அழித்தாலும், நகலெடுத்த அடுக்கு இமேஜுக்குள் அப்படியே தங்கியிருக்கும். இமேஜைப் பெறும் எவரும் அந்த அடுக்கைப் பிரித்துச் சாவியை எடுத்துவிடலாம். சாவியின் உள்ளடக்கத்தைச் சூழல் மாறியாகக் கொடுப்பது இரண்டாவது. டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையை ஓட்ட முடிந்தவர்கள் அனைவருக்கும் அது தெரியும். வீட்டுக் கோப்புறையிலுள்ள எஸ்எஸ்எச் கோப்புறை முழுவதையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்வது (உள்ளிருந்தும் தெரியும்படி இணைப்பது) மூன்றாவது. பிறர் எழுதிய ஆன்சிபிள் கலெக்‌ஷன்களும் பைத்தான் தொகுப்புகளும் ஓடும் அதே இடத்தில், உங்கள் சாவிக் கோப்புகள் அனைத்தும் படிக்கக் கிடைக்கும்.

இம்மூன்றையும் தவிர்க்க உதவுவதுதான் எஸ்எஸ்எச் ஏஜென்ட். அதைச் சரியாகப் பகிர்வதற்கு ஒற்றைக் கட்டளை போதாது. பயனர் எண், சாக்கெட்டின் இருப்பிடம், சர்வரின் அடையாளச் சரிபார்ப்பு, ஏஜென்ட்டின் ஆயுள் ஆகிய நான்கையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றின் மூல எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

ஏஜென்ட் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

ஏஜென்ட் என்பது தனிச்சாவிகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, யுனிக்ஸ் டொமைன் சாக்கெட் ஒன்றின் வழியாகக் கோரிக்கைகளைக் கேட்கும் சிறிய நிரல். அந்தச் சாக்கெட் எங்கே இருக்கிறது என்பதை எஸ்எஸ்எச்_ஆத்_சாக் என்னும் சூழல் மாறி சொல்கிறது. கிளையன்ட் ஏஜென்ட்டிடம் முக்கியமாக இரண்டைக் கேட்கலாம்: உன்னிடம் உள்ள பொதுச்சாவிகள் எவை, இந்தத் தரவில் இந்தச் சாவியால் கையொப்பமிட்டுத் தருவாயா. தனிச்சாவியையே வெளியே கொடு என்று கேட்பதற்கு அந்த நெறிமுறையில் கோரிக்கை கிடையாது. பூட்டிய அறைக்குள் அமர்ந்து, சாளரம் வழியாக நீட்டப்படும் தாள்களில் முத்திரையிட்டுத் திருப்பித் தரும் ஊழியரைப் போன்றது அது. முத்திரைக் கட்டை சாளரத்தைத் தாண்டி வராது.

ஆனால் நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாத ஏஜென்ட் ஆராய்வதில்லை. சாக்கெட் திறந்திருக்கும் வரை, அதை அணுக முடிந்த எந்த நிரலும் உங்கள் பெயரில் எந்தச் சர்வருக்கும் உள்நுழையலாம். கன்டெய்னர் நின்ற பிறகு சாவி அதனிடம் இருக்காது என்பது உண்மைதான். ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் சாவியின் முழு அதிகாரமும் அதனிடம் இருக்கிறது. எனவே எந்த ஏஜென்ட்டைப் பகிர்கிறோம் என்பதே இங்கு முதல் முடிவு.

முதல் படி: வேலைக்கென்று தனி ஏஜென்ட்

பெரும்பாலான குறிப்புகள், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏஜென்ட்டை அப்படியே கன்டெய்னருக்குள் கொடுத்துவிடச் சொல்கின்றன. அது வேலை செய்யும், ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த ஏஜென்ட்டில் உங்கள் சொந்தக் கிட்ஹப் சாவியும், பழைய வாடிக்கையாளரின் சர்வர் சாவியும், வீட்டுக் கணினியின் சாவியும் சேர்ந்திருக்கும். ஐந்து வெப் சர்வர்களைப் புதுப்பிக்கும் பிளேபுக்குக்கு அவற்றில் எதுவும் தேவையில்லை. தனி ஏஜென்ட் தொடங்குவதற்கு ஆகும் கூடுதல் வேலை மிகச் சிறியது.

முதலில், எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் ஈடி25519 வகையில் தானியக்கத்துக்கென்று ஒரு சாவி உருவாக்குங்கள். கடவுச்சொற்றொடர் கட்டாயம் வையுங்கள். அதன் பொதுச்சாவியைச் சர்வர்களின் ஆத்தரைஸ்ட்_கீஸ் கோப்பில் சேர்க்கும்போது, ஃப்ரம் என்னும் தெரிவால் எந்த முகவரிகளிலிருந்து அது ஏற்கப்படும் என்று வரையறுத்துவிடலாம். அடுத்து, வீட்டுக் கோப்புறைக்குள் 700 அனுமதியோடு ஒரு புதிய கோப்புறை உருவாக்கி, எஸ்எஸ்எச்-ஏஜென்ட் கட்டளையை -ஏ தெரிவோடு ஓட்டி, அந்தக் கோப்புறைக்குள் சாக் என்னும் பெயரில் சாக்கெட்டை அமைக்கச் சொல்லுங்கள். டைம் என்பதன் முதலெழுத்தான சிறிய -டி தெரிவையும் சேர்த்து ஒரு மணிநேரம் என்று கொடுத்தால், சேர்க்கப்படும் சாவிகள் அனைத்துக்கும் அதுவே இயல்பான ஆயுளாகும்.

ஏஜென்ட் தொடங்கியதும் திரையில் சில வரிகளை அச்சிடும். வழக்கமாக அவற்றை ஈவேல் கட்டளையால் நடப்பு ஷெல்லில் ஏற்றிக்கொள்வார்கள். இங்கே அப்படிச் செய்யக் கூடாது, ஏனெனில் உங்கள் அன்றாட ஏஜென்ட்டின் முகவரி மறைந்துவிடும். அதில் வரும் செயல்முறை எண்ணை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, சாவியைச் சேர்க்கும் கட்டளையின் முன்னால் மட்டும் எஸ்எஸ்எச்_ஆத்_சாக் மாறிக்குப் புதிய சாக்கெட்டின் பாதையைக் கொடுத்து, எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையை ஓட்டுங்கள். பிறகு அதே முறையில் எஸ்எஸ்எச்-ஆட் -எல் என்று ஓட்டினால், ஒரேயொரு சாவியின் கைரேகைச் சரம் (அதை அடையாளம் காட்டும் குறுகிய எழுத்துத் தொடர்) தெரிய வேண்டும். முந்தைய முறை ஏஜென்ட் சரியாக மூடப்படாமல் பழைய சாக்கெட் கோப்பு அங்கேயே கிடந்தால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று கூறிப் புதிய ஏஜென்ட் தொடங்க மறுக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

இரண்டாம் படி: சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் கொண்டுவருதல்

லினக்ஸ் கணினியில் நேரடியாக ஓடும் டாக்கருக்கு இரண்டு செய்திகள் போதும்: சாக்கெட் உள்ள கோப்புறையைக் கன்டெய்னருக்குள் ஒரு பாதையில் மவுன்ட் செய்வது, கன்டெய்னருக்குள் எஸ்எஸ்எச்_ஆத்_சாக் மாறி அந்தப் பாதையைக் காட்டும்படி செய்வது. வெளியே உள்ள பாதையும் உள்ளே உள்ள பாதையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோப்புறையை உள்ளே /ரன்/ஏஜென்ட் என்று மவுன்ட் செய்தால், மாறியின் மதிப்பு /ரன்/ஏஜென்ட்/சாக் என்று இருக்க வேண்டும்.

மவுன்ட் செய்வதற்கு டாக்கர் ரன் கட்டளையில் -வி என்னும் சுருக்கத் தெரிவும், --மவுன்ட் என்னும் விரிந்த தெரிவும் உள்ளன. விரிந்ததையே பயன்படுத்துங்கள். மூலப்பாதை இல்லாதபோது -வி தெரிவு பிழை சொல்வதில்லை. அந்தப் பெயரில், கணினியின் முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்குச் சொந்தமான காலிக் கோப்புறை ஒன்றைத் தானே உருவாக்கிவிடும். சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் கோப்புறை வந்துவிடுவதால், அடுத்த முறை ஏஜென்ட்டும் தொடங்காது, பிழைக்கான காரணமும் எளிதில் புலப்படாது. --மவுன்ட் தெரிவில் வகையைப் பைண்ட் என்று கொடுத்தால், மூலப்பாதை இல்லாதபோது கட்டளை அங்கேயே நின்றுவிடும்.

சாக்கெட் கோப்பை மட்டும் மவுன்ட் செய்யாமல் அது இருக்கும் கோப்புறையை மவுன்ட் செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தனிக் கோப்பை மவுன்ட் செய்தால், அந்த நேரத்தில் இருந்த கோப்பே கன்டெய்னருடன் பிணைக்கப்படும். ஏஜென்ட்டை மூடி அதே பெயரில் புதிதாகத் தொடங்கினாலும், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் பழைய சாக்கெட்டையே தட்டி, இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பதிலைப் பெறும். நீண்ட நேரம் ஓடும் கன்டெய்னர்களில் இது அடிக்கடி நேர்கிறது.

மவுன்ட்டைப் படிக்க மட்டும் என்று குறித்தால் பாதுகாப்பு கூடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. லினக்ஸில் அந்தத் தடை கோப்பு, கோப்புறை ஆகியவற்றில் எழுதுவதைத்தான் நிறுத்தும். சாக்கெட்டுடன் இணைவதை நிறுத்தாது. சாக்கெட்டை உள்ளிருந்து யாரும் அழித்துவிடாமல் இருக்க அது உதவும் என்பதால் குறிப்பது நல்லதுதான். கையொப்பக் கோரிக்கைகளை அது தடுப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டாக்கர் கட்டளையை, ரூட் உரிமை தரும் சூடோவோடு ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடோ பெரும்பாலான சூழல் மாறிகளை நீக்கிவிடும். கட்டளை வரியிலேயே மாறியை எழுதினால் உங்கள் ஷெல் அதை முன்கூட்டியே விரித்துவிடுவதால் சிக்கலில்லை. ஆனால் கன்டெய்னர் அமைப்புகளை எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில் அந்த மாறியைக் குறிப்பிட்டிருந்தால், அதை விரிப்பது சூடோவுக்குள் ஓடும் கம்போஸ் நிரல், அதற்கு அந்த மாறி காலியாகவே தெரியும். கம்போஸ் கோப்பில் தனி ஏஜென்ட்டின் முழுப்பாதையையே எழுதிவிடுவது இதைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: பயனர் எண்ணைப் பொருத்துதல்

இந்த முயற்சியில் தோற்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். கன்டெய்னருக்குள் இருக்கும் செயல்முறை ஏஜென்ட்டை அடைய இரண்டு தடைகளைக் கடக்க வேண்டும்.

முதல் தடை கோப்பு அனுமதி. ஏஜென்ட் தன் சாக்கெட்டை 600 அனுமதியோடு உருவாக்குகிறது. நாம் கோப்புறையை 700 என்று வைத்திருக்கிறோம். உரிமையாளரோ ரூட்டோ மட்டுமே உள்ளே செல்ல முடியும். இதில் நுணுக்கம் ஒன்று உண்டு: கன்டெய்னரின் சிறப்பு உரிமைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு ஓட்டினால், உள்ளே ரூட்டாக இருப்பவருக்கும் பிறருடைய 700 கோப்புறைக்குள் செல்லும் ஆற்றல் இருக்காது, பெயரளவில் ரூட், ஆனால் அனுமதி மறுக்கப்படும்.

இரண்டாம் தடை ஏஜென்ட்டே வைத்திருப்பது. பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் ஏஜென்ட், தன்னோடு இணையும் செயல்முறையின் பயனர் எண்ணை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிடம் கேட்டு அறிகிறது. அந்த எண் 0 ஆகவோ, தான் ஓடும் அதே எண்ணாகவோ இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே சாக்கெட்டின் அனுமதியை 666 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று இணையத்தில் உலவும் ஆலோசனை பயன் தராது. அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்திக்குப் பதிலாக, ஏஜென்ட்டுடனான தொடர்பு தோல்வியுற்றது என்ற செய்தி வரும், அவ்வளவே. இந்த இரண்டாவது செய்தியைக் கண்டால் பயனர் எண் பொருந்தவில்லை என்றே முதலில் சந்தேகியுங்கள்.

ஆக, சரியான வழி எண்ணைப் பொருத்துவது. டாக்கர் ரன் கட்டளையில் --யூசர் தெரிவுக்கு, ஐடி -யூ கட்டளை தரும் எண்ணைக் கொடுங்கள். உங்கள் எண் 1000 என்றால் கன்டெய்னருக்குள்ளும் செயல்முறை 1000 ஆகவே ஓடும்; ஏஜென்ட் ஏற்றுக்கொள்ளும். கன்டெய்னரை ரூட்டாக ஓட்டினாலும், சாதாரண டாக்கரில் உள்ளேயுள்ள 0 வெளியேயும் 0 தான் என்பதால் ஏஜென்ட் ஏற்கும். ஆயினும் வேலைக் கோப்புறையில் உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடுவதாலும், அளவுக்கு மீறிய உரிமை கொடுப்பதாலும் அதை நான் தவிர்ப்பேன்.

எண்ணைப் பொருத்தியதும் வேறொரு பிழை தலைகாட்டும்: 1000 என்ற எண்ணுக்குப் பயனர் எவரும் இல்லை என்று எஸ்எஸ்எச் கிளையன்ட் சொல்லி நின்றுவிடும். இமேஜின் /இடிசி/பாஸ்டபிள்யூடி என்னும், பயனர்களைப் பட்டியலிடும் பாஸ்வேர்டு கோப்பில் அந்த எண்ணுக்கு வரி இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இமேஜைக் கட்டும்போதே கட்டுமான மாறி ஒன்றின் வழியாக எண்ணைப் பெற்று, பயனரையும் வீட்டுக் கோப்புறையையும் உருவாக்கிவிடுவது தெளிவான தீர்வு. பலர் பல எண்களோடு பயன்படுத்தும் பொது இமேஜாக இருந்தால், ஹோஸ்ட் கணினியின் (கன்டெய்னரை ஓட்டும் உங்கள் கணினியின்) பாஸ்வேர்டு கோப்பைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யலாம்; இன்றைய லினக்ஸில் கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் இருப்பதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்ட், வீட்டுக் கோப்புறை எது என்பதை ஹோம் மாறியிலிருந்து எடுக்காமல் பாஸ்வேர்டு கோப்பின் வரியிலிருந்தே எடுக்கிறது என்பதும் முக்கியம். ஆன்சிபிளுக்கு எழுதத்தக்க கோப்புறை வேண்டும் என்பதற்காக ஹோம் மாறியை மட்டும் மாற்றினால், ஆன்சிபிள் ஓரிடத்திலும் எஸ்எஸ்எச் வேறிடத்திலும் தங்கள் கோப்புகளைத் தேடும்.

டாக்கரில் யூசர் நேம்ஸ்பேஸ் மறுவரைவு (உள்ளேயுள்ள பயனர் எண்களை வெளியே வேறு எண்களாக மாற்றும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தால், உள்ளே 0 என்று தெரியும் எண் வெளியே மிகப் பெரிய வேறு எண்ணாக இருக்கும், ஏஜென்ட் மறுக்கும். அந்தக் கன்டெய்னருக்கு மட்டும் --யூசர்என்எஸ் தெரிவுக்கு ஹோஸ்ட் என்று கொடுத்து விலக்கு அளிக்கலாம். ரூட் உரிமையின்றி ஓடும் டாக்கரிலும், அதைப் போன்ற கருவியான பாட்மேனிலும் நிலைமை இதற்கு நேர்மாறு: உள்ளேயுள்ள 0 என்பது வெளியே நீங்களே. ஆகவே அங்கே உள்ளே ரூட்டாக ஓட்டினால் எல்லாம் பொருந்தும். உள்ளே 1000 ஆக ஓட்டினால் பொருந்தாது. பாட்மேனில் அப்படியும் ஓட்ட வேண்டுமென்றால் --யூசர்என்எஸ் தெரிவுக்குக் கீப்-ஐடி என்று கொடுங்கள்.

ஃபெடோராவிலும் ரெட் ஹேட் குடும்பத்திலும் லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் கூடுதல் தடையாக நிற்கும். எண், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் அதன் தணிக்கைப் பதிவைப் பாருங்கள். மவுன்ட்டுக்கு மறுபெயர்ச்சீட்டு இடும் சிறிய இசட் தெரிவு இங்கே போதாது, ஏனெனில் தடுக்கப்படுவது கோப்பு மட்டுமல்ல, வெளியே ஓடும் ஏஜென்ட் செயல்முறையோடு பேசும் செயலும்தான். --செக்யூரிட்டி-ஆப்ட் தெரிவில் லேபிள்=டிசேபிள் என்று கொடுத்து அந்தக் கன்டெய்னருக்கு மட்டும் அதைத் தளர்த்துவதே நடைமுறை வழி.

ஆன்சிபிளைக் கன்டெய்னரில் ஓட்டித் தரும் ஆன்சிபிள்-நேவிகேட்டர் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இவற்றில் பெரும்பகுதி தானே நடக்கிறது. அது எக்சிகியூஷன் என்விரான்மென்ட் எனப்படும் இமேஜை ஓட்டும்போது, உங்கள் ஷெல்லில் எஸ்எஸ்எச்_ஆத்_சாக் மாறி இருந்தால் அந்தச் சாக்கெட்டை உள்ளே மவுன்ட் செய்து மாறியையும் அமைத்துவிடும். தனி ஏஜென்ட்டைக் கொடுக்க விரும்பினால், அந்தக் கட்டளையின் முன்னால் மட்டும் மாறியின் மதிப்பை மாற்றிக்கொடுங்கள்.

மேக், விண்டோஸ் கணினிகளில்

மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. சாக்கெட் கோப்பு என்பது ஒரு முகவரி மட்டுமே; அதன் மறுமுனை அந்தந்தக் கெர்னலுக்குள் இருக்கிறது. மேக் கெர்னலில் உள்ள சாக்கெட்டின் பெயரை லினக்ஸ் கெர்னலுக்குக் காட்டினாலும் இணைப்பு கிடைக்காது. ஆகவே டாக்கர் டெஸ்க்டாப் தானே ஒரு பாலம் அமைத்துத் தருகிறது: /ரன்/ஹோஸ்ட்-சர்வீசஸ்/எஸ்எஸ்எச்-ஆத்.சாக் என்னும் பாதையை மவுன்ட்டின் மூலமாகக் கொடுத்தால், கோரிக்கைகள் மேக்கில் உள்ள உங்கள் உள்நுழைவு ஏஜென்ட்டுக்குச் செல்லும். இந்தப் பாதை மேக்கின் கோப்பு முறைமையில் கண்ணுக்குத் தெரியாது. தேடிப் பார்த்து இல்லையென்று கலங்க வேண்டாம். உள்ளே அது ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரிவதால், வேறு பயனராக ஓடும் கன்டெய்னருக்கு அனுமதி மறுக்கப்படலாம்.

இந்தப் பாலம் அன்றாட ஏஜென்ட்டையே கொடுத்துவிடுகிறது என்பதே என் தயக்கம். மேக்கிலும் விண்டோஸிலும் தனி ஏஜென்ட் வேண்டுமென்றால், ஏஜென்ட்டையே ஒரு கன்டெய்னருக்குள் ஓட்டுவது நல்ல வழி. ஓப்பன்எஸ்எஸ்எச் மட்டும் உள்ள சிறிய இமேஜில், பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னர்கள் பகிரக்கூடிய டாக்கர் சேமிப்பிடம்) ஒன்றுக்குள் சாக்கெட்டை வைத்து, ஏஜென்ட்டை முன்னணியில் நிறுத்தும், டாக்கர் என்பதன் முதலெழுத்தான பெரிய எழுத்து -டி தெரிவோடு ஓட்டுங்கள். சாவிக் கோப்பை அந்தக் கன்டெய்னருக்கு மட்டும் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, டாக்கர் எக்செக் வழியாக எஸ்எஸ்எச்-ஆட் ஓட்டிக் கடவுச்சொற்றொடரைக் கொடுங்கள். ஆன்சிபிள் கன்டெய்னருக்கு அந்த வால்யூமை மட்டும் கொடுங்கள். சாவிக் கோப்பு அங்கே செல்லாது. இரண்டும் ஒரே லினக்ஸ் கெர்னலில் ஓடுவதால் சாக்கெட் இயல்பாக வேலை செய்யும். இரண்டு கன்டெய்னர்களிலும் பயனர் எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறாது.

விண்டோஸின் சொந்த ஓப்பன்எஸ்எஸ்எச் ஏஜென்ட் யுனிக்ஸ் சாக்கெட்டில் கேட்பதில்லை, பெயரிட்ட பைப் ஒன்றில் கேட்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துபவர்கள் அதை விட்டுவிட்டு, லினக்ஸ் பக்கத்திலேயே ஏஜென்ட்டைத் தொடங்கிவிடுவது எளிது.

நான்காம் படி: சர்வரின் அடையாளத்தைச் சரிபார்த்தல்

புதிய கன்டெய்னர் எந்தச் சர்வரையும் முன்பு பார்த்ததில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் சர்வரின் அடையாளத்தை ஏற்கலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். கேள்வியை நிறுத்துவதற்காக ஆன்சிபிளின் ஹோஸ்ட்_கீ_செக்கிங் அமைப்பை அணைத்துவிடுவது பரவலான பழக்கம், இது தவறு. இடையில் ஒருவர் சர்வராக நடித்தால், உங்கள் பிளேபுக் அனுப்பும் தரவுத்தளக் கடவுச்சொற்கள் உட்பட அனைத்தும் அவரிடம் போய்ச் சேரும்.

சரியான வழி, சர்வர்களின் அடையாளச் சாவிகள் அடங்கிய, சரிபார்த்த நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒன்றைப் பிளேபுக்கோடு சேர்த்துப் பராமரித்து, அதைக் கன்டெய்னருக்குள் /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_நோன்_ஹோஸ்ட்ஸ் என்ற பாதையில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்வது. இது கணினி முழுமைக்குமான கோப்பு என்பதால், வீட்டுக் கோப்புறை எது என்ற முன் சொன்ன குழப்பம் இங்கே எழாது. எஸ்எஸ்எச்-கீஸ்கேன் கட்டளையால் சாவிகளைத் திரட்டலாம். ஆனால் அது வலையில் வந்ததை அப்படியே எழுதித் தருவதால், சர்வரின் கன்சோலில் தெரியும் கைரேகைச் சரத்தோடு ஒப்பிட்ட பின்னரே கோப்பில் சேர்க்க வேண்டும். சாவிகள் மாறவும் செய்யும்: 2023 மார்ச்சில், தன் ஆர்எஸ்ஏ தனிச்சாவி பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளிப்பட்டதையடுத்து கிட்ஹப் அந்தச் சாவியை மாற்றியது. பழைய சாவியைப் பதிந்து வைத்திருந்தவர்களின் தானியக்கங்கள் நின்றன. அவை நிற்க வேண்டியதும் முறையே.

ஆன்சிபிள் பக்கத்தில் செய்ய வேண்டியவை

ஆன்சிபிள் இயல்பாகவே கணினியில் உள்ள எஸ்எஸ்எச் கிளையன்டையே அழைக்கிறது. ஆகவே இமேஜுக்குள் ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்ட் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பிளேபுக்கை ஓட்டும் முன், அதே கன்டெய்னருக்குள் எஸ்எஸ்எச்-ஆட் -எல் ஓட்டி, அதன் வெளியேறு குறியீட்டைப் பாருங்கள். 0 என்றால் சாவி தெரிகிறது. 1 என்றால் ஏஜென்ட் கிடைத்தது, ஆனால் அதில் சாவி இல்லை, பெரும்பாலும் ஆயுள் முடிந்திருக்கும். 2 என்றால் ஏஜென்ட்டையே அடைய முடியவில்லை. ஓட்டும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இந்தச் சோதனையை வைத்துவிட்டால், ஆன்சிபிளின் நீண்ட பிழைச் செய்திகளுக்குள் காரணம் தேட வேண்டியிராது.

அன்றாட ஏஜென்ட்டைத்தான் பகிர வேண்டிய நிலை என்றால், அதில் பல சாவிகள் இருப்பது வேறு வகையிலும் தொல்லை தரும். கிளையன்ட் ஒவ்வொரு சாவியாக நீட்டிப் பார்க்கும். சர்வரில் மேக்ஸ்ஆத்ட்ரைஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 6 என்பதால், ஏழாவது இடத்தில் இருக்கும் சரியான சாவிக்கு வாய்ப்பே கிடைக்காது. இதற்கு, ஐடென்டிட்டீஸ்ஒன்லி அமைப்பை யெஸ் என்று வைத்து, ஐடென்டிட்டிஃபைல் அமைப்பில் பொதுச்சாவிக் கோப்பின் பாதையைக் கொடுக்கலாம். தனிச்சாவிக் கோப்பு கன்டெய்னரில் இல்லாவிட்டாலும், அந்தப் பொதுச்சாவிக்கு இணையானதை ஏஜென்ட்டிடமிருந்து மட்டும் கிளையன்ட் கேட்கும். பொதுச்சாவியை இமேஜுக்குள் வைப்பதில் ஆபத்து இல்லை.

இணைப்புகளை மீண்டும் பயன்படுத்த ஆன்சிபிள் தனக்கென்று கட்டுப்பாட்டுச் சாக்கெட்டுகளை வீட்டுக் கோப்புறைக்குள் உருவாக்குகிறது. லினக்ஸில் யுனிக்ஸ் சாக்கெட்டின் பாதை 108 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆழமான வேலைக் கோப்புறையை வீடாக வைத்தால் பாதை மிக நீளம் என்ற பிழை வரும். கன்ட்ரோல்_பாத்_டிர் அமைப்பை டெம்ப் கோப்புறைக்குள் குறுகிய பாதையாகக் கொடுத்துவிடுங்கள்.

இமேஜ் கட்டும்போதும் சிஐ தளத்திலும்

தனியார் கிட் களஞ்சியத்திலிருந்து ரோல்களை (மீண்டும் பயன்படுத்தத்தக்க ஆன்சிபிள் தொகுப்புகளை) இமேஜுக்குள் இறக்க வேண்டியிருந்தால், கட்டுமான வேளையிலும் ஏஜென்ட் வேண்டும். டாக்கர் 18.09 பதிப்பிலிருந்து அதன் இமேஜ் கட்டும் பொறியான பில்ட்கிட் இதற்கு வழி தருகிறது. டாக்கர்ஃபைலில் அந்த ஒரு ரன் வரிக்கு --மவுன்ட்=டைப்=எஸ்எஸ்எச் என்று சேர்த்து, கட்டும் கட்டளையில் --எஸ்எஸ்எச் தெரிவுக்கு டிஃபால்ட் என்றும், அதைத் தொடர்ந்து சமக்குறியிட்டுத் தனி ஏஜென்ட்டின் சாக்கெட் பாதையையும் கொடுங்கள். அந்த வரி ஓடும் நேரத்துக்கு மட்டும் சாக்கெட் இருக்கும். எந்த அடுக்கிலும் பதியாது.

நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளையும் வேலைகளையும் தானே ஓட்டும், கிட்லேப் போன்ற சிஐ தளங்களில் உள்நுழைந்த பயனரும் இல்லை, பகிர்வதற்கு ஏஜென்ட்டும் இல்லை. அங்கே வேலை ஓடும் கன்டெய்னருக்குள்ளேயே ஏஜென்ட்டைத் தொடங்கி, தளத்தின் மறைபொருள் மாறியில் உள்ள சாவியைக் கோப்பாக எழுதாமல் நேரடியாக எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையின் உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். இறுதியில் புதிய வரி இல்லாமலோ, விண்டோஸ் பாணி வரிமுடிவுகளோடோ சாவியை ஒட்டியிருந்தால் வடிவம் தவறு என்று மறுக்கப்படும்.

கட்டுப்பாடுகளை இறுக்குதல்

பகிர்ந்த ஏஜென்ட்டைத் தவறாகப் பயன்படுத்துவது வெறும் கற்பனை ஆபத்து அல்ல. 2019 ஏப்ரலில் செய்திப் பரிமாற்றச் சேவையான மேட்ரிக்ஸ்.ஆர்க்கின் சர்வர்களுக்குள் ஊடுருவியவர், ஜென்கின்ஸ் என்னும் சிஐ கருவியின் பழைய பதிப்பிலிருந்த பாதுகாப்புக் குறை வழியாக நுழைந்து, ஃபார்வர்டு செய்யப்பட்ட (தொலைச் சர்வரிலிருந்தும் அணுகும்படி நீட்டப்பட்ட) எஸ்எஸ்எச் ஏஜென்ட்டைக் கைப்பற்றி உற்பத்திச் சர்வர்கள் வரை சென்றதாக அந்த அமைப்பே விளக்கியது. எனவே கன்டெய்னரிலிருந்து செல்லும் சர்வர்களுக்கு ஏஜென்ட்டை மேலும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். இடைச்சர்வர் வழியாகச் செல்ல வேண்டுமென்றால் எஸ்எஸ்எச்சின் ப்ராக்ஸிஜம்ப் அமைப்பைப் பயன்படுத்துங்கள். அதில் கையொப்பக் கோரிக்கைகள் உங்கள் பக்கத்திலேயே நடக்கும், இடைச்சர்வர் தரவைக் கடத்த மட்டுமே செய்யும். ஹோஸ்ட்டில் ஓடும் ஏஜென்ட்டின் பதிப்பையும் பாருங்கள்: ஃபார்வர்டு செய்த ஏஜென்ட்டின் வழியே பயனரின் கணினியில் தாக்குபவரின் நிரலை ஓட்ட இடம்கொடுத்த சிவிஇ-2023-38408 குறை 9.3பி2 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

ஓப்பன்எஸ்எஸ்எச் 8.9 பதிப்பிலிருந்து, எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையில் சிறிய எழுத்து -எச் தெரிவால் ஒரு சாவி எந்தச் சர்வர்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்று வரையறுக்கலாம். ஏஜென்ட் கண்ணை மூடிக் கையொப்பமிடும் நிலையை இது மாற்றுகிறது என்பதால், மேலே சொன்ன எல்லாவற்றிலும் இதையே நான் மிகவும் மதிக்கிறேன். சாவியைச் சேர்க்கும் நேரத்தில் அந்தச் சர்வர்களின் அடையாளங்கள் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்க வேண்டும். கன்டெய்னருக்குள் உள்ள கிளையன்டும் 8.9 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பழைய இமேஜில் கையொப்பம் மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒவ்வொரு கையொப்பத்துக்கும் உங்கள் ஒப்புதலைக் கேட்கும் சிறிய எழுத்து -சி தெரிவும் உண்டு. ஒன்றிரண்டு சர்வர்களுக்கு அது நல்ல காவல். ஆன்சிபிள் இயல்பாக ஒரே நேரத்தில் ஐந்து சர்வர்களோடு வேலை செய்வதால், நாற்பது சர்வர்கள் உள்ள பட்டியலுக்கு ஒப்புதல் சாளரங்கள் குவியும். படிக்காமலே சம்மதிக்கும் பழக்கம் வந்துவிடும். அங்கே குறுகிய ஆயுளும் சர்வர் வரையறையும் சேர்ந்தே தக்க காவல்.

வேலை முடிந்ததும்

பிளேபுக் முடிந்தவுடன், ஆயுள் தானே முடியட்டும் என்று காத்திராமல், எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையை, டிலீட் என்பதன் முதலெழுத்தான பெரிய எழுத்து -டி தெரிவோடு ஓட்டிச் சாவிகளை நீக்குங்கள்; பிறகு குறித்துவைத்த செயல்முறை எண்ணைக் கொண்டு ஏஜென்ட்டை மூடிவிட்டு, சாக்கெட் கோப்பு போய்விட்டதா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால், இடையில் பிழை வந்து நின்றாலும் இந்த வரிகள் ஓடும்படி ட்ராப் கட்டளையில் அவற்றை வைக்க வேண்டும்.

சர்வர் பக்கத்தில், எந்தச் சாவியால் உள்நுழைவு ஏற்கப்பட்டது என்பதை எஸ்எஸ்எச் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டி தன் பதிவில் கைரேகைச் சரத்தோடு எழுதிவைக்கிறது. தானியக்கத்துக்கென்று தனியே ஒரு சாவி வைத்திருப்பதால், அந்தச் சரத்தை மட்டும் தேடினால் பிளேபுக் ஓடிய நேரங்கள் வரிசையாகக் கிடைக்கும். நீங்கள் எதையும் ஓட்டாத நேரத்திலோ, உங்களுடையதல்லாத முகவரியிலிருந்தோ ஒரு வரி இருந்தால், ஆத்தரைஸ்ட்_கீஸ் கோப்பிலிருந்து அந்தப் பொதுச்சாவியை முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகு விசாரணையைத் தொடங்குங்கள்.